ஆற்றை மூடிய அம்மன் பூ

"அம்மனுக்கு விட்ட பூவைப் பன்னிக்குப் போடுவியா? வாயைத் திறந்து சொல்லுடா, போடுவியா?"

"போடுவேன்க்கா. பன்னி தின்னா ஆறு ஓடும். வேணாம்னா அம்மனையே வந்து என்கிட்ட சொல்லச் சொல்லு."

"நாக்கு அழுகிப் போகும்."

"போகட்டும். அது அழுகறதுக்குள்ள பாலத்தடியைத் துப்புரவாக்கிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. சிகாமட் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். பதின்மூன்றாம் நம்பரில் பேச்சியம்மாள் கடுகு தாளித்தால் பதினான்காம் நம்பரில் எனக்குத் தும்மல் வரும். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு கேட்காமல் இருப்பதற்குத்தான் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

பேச்சியம்மாளை அறியாதவர்கள் இந்த வாரம் லயத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களாகத்தான் இருப்பார்கள். லயத்து மாரியம்மன் கோயிலில் ஆடி மாதத்தில் முதல் முளைப்பாரிச் சட்டியைத் தலையில் தூக்கும் உரிமை அவளுடையது. சட்டியை இறக்கி வைத்த பிறகும் கழுத்து நிமிர்ந்தபடியேதான் இருக்கும். எதிரே நின்று கத்தியவன் அவள் தம்பி வீரமுத்து, தண்டவாளக் கேங்குக்கு மண்டோர். நாற்பது ஆட்களை ஒரு குரலில் அடக்குகிறவன், அக்காளிடம் மட்டும் தோற்பான். அவள் புருஷன் அய்யாவு நடுவில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்திருப்பார். அவருடைய அபிப்பிராயத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சண்டைக்குக் காரணமான பூவின் கதை மூன்று வருஷத்துக்கு முந்தியது. அந்த ஆடியில் தாமரை கிடைக்கவில்லை. சீனத் தோட்டக்காரரின் பன்றிக்கொட்டகைக் குட்டையில் ஊதா நிறத்தில் ஒரு பூ கொத்துக்கொத்தாக நின்றதைப் பேச்சியம்மாள் பார்த்தாள். மேல் இதழில் மயிலிறகுக் கண் போல நீலம், அதன் நடுவே ஒரு மஞ்சள் பொட்டு. அம்மனே பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லி, கைச்சாடையில் ஒரு கூடை கேட்டு வாங்கி, வேரோடு ஏழு சட்டியிலும் செருகினாள். கும்மியடித்துக் கொண்டுபோய்ப் பாலத்தடியில் விட்டோம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். முளைப்பாரிப் பயிர் மூழ்கியது. பூ மூழ்கவில்லை.

அது ஆற்று வளைவில் போய் நின்றுகொண்டது. ஏழு எழுபதாயிற்று, எழுபது எத்தனையாயிற்று என்று எண்ண ஆள் இல்லை. ஆகாயத்தாமரை என்று நாங்கள் சொன்னதை மலாய்க்காரர்கள் கெலாடி புந்திங் என்றார்கள். வயிறு தள்ளிய சேம்பு என்று அர்த்தம். தண்டு அப்படித்தான் உப்பியிருக்கும். பிள்ளை பெற்றதும் அப்படித்தான்.

சென்ற ஆடியில் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை. கரையிலிருந்து கரைவரை ஒரே பூ. விடியற்காலைப் பனி விலக விலக அந்த ஊதா மெல்ல மெல்ல வெளியே வரும். வேலைக்குப் போகிற ஆட்கள் நின்றுவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சிவப்புக் கோழி ஒரு நாள் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்தே போயிற்று. கோழி ஆற்றை நடந்து கடந்ததை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பயமாக இருந்தது. ஆனாலும் கை தானாகக் கும்பிடப் போயிற்று.

பிறகுதான் தமுக்கு வந்தது. வாய்க்கால் இலாகா ஓவர்சியர் யூஜின், ஸ்டேஷன் சுவரில் மலாய் ஜாவி எழுத்திலும் சீனத்திலும் தமிழிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். சர்க்கார் ஆட்களால் மட்டும் ஆகிற காரியம் இல்லை, வீட்டுக்கு ஓர் ஆள் ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இறங்க வேண்டும் என்று போட்டிருந்தது. கரையை அளந்து, வீட்டுக்கு இருபதடி என்று நம்பர் எழுதிய முளைகளை அடித்தார்கள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அந்த இருபதடியில் ஓர் இலை தலைகாட்டினால் அந்த வீட்டார்தான் பிடுங்க வேண்டும். அதுவரை நாங்கள் பாத்திரம் கழுவ மட்டும் இறங்கிய ஆற்றில், திடீரென்று ஆளுக்கு இருபதடிக்கு அதிகாரியாகிவிட்டோம். சிலருக்கு நடையே மாறிவிட்டது.

பிடுங்கிய குவியல் சீனத் தோட்டங்களுக்குப் போகும், அங்கே வேகவைத்துப் பன்றிக்குப் போடுவார்கள் என்பதும் நோட்டீஸில் இருந்தது. அதுதான் காலை ஆறரை மணிச் சண்டை.

வீரமுத்துவுக்கு அவசரம் இருந்தது. மார்கழி மழைக்கு முன்னால் பாலத்தடி திறக்காவிட்டால் தண்ணீர் லயத்துக்குள்தான் வரும். எட்டு வருஷத்துக்கு முந்தி வந்த பெரிய வெள்ளத்தின் சேற்றுக்கோடு எங்கள் சுவரில் என் தலைக்கு மேலே இன்னும் இருக்கிறது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் எட்டிப் பார்க்கிறது.

அதைவிடப் பெரிய அவசரம் பேச்சியம்மாள் மகள் தனலெட்சுமிக்கு. அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை கனகராஜ், லாயாங் லாயாங் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் ஸ்டேஷனுக்கு மாற்றல் ஆகி, லயத்தில் பதினைந்தாம் நம்பர் வீடும் கிடைத்திருந்தது. தனலெட்சுமி அவனோடு பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் சிக்னல் விளக்கு எண்ணெயைப் பற்றி. அதன் பிறகு அவள் தலை பின்னிக்கொள்ள எடுக்கும் நேரம் இரண்டு மடங்காயிற்று.

தடையாக நின்றது அவன் தாய் செல்லம். பெரிய வெள்ளத்தில் அவள் புருஷனை அடித்துக்கொண்டு போனது இந்தப் பாலத்தடியில்தான். மறு வாரமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை. இப்போது சொல்லி அனுப்பியிருந்தாள்: ஞாயிறு பகல் வண்டியில் வருவேன், பாலத்தில் நின்று பார்ப்பேன். ஆறு ஓடினால் வெற்றிலைபாக்கு மாற்றலாம். அடைத்துக்கொண்டு நின்றால் சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவேன். என் பிள்ளைக்கு வேறு ஊரில் வேறு பெண்.

அக்காளும் தம்பியும் இன்னும் கத்தியிருப்பார்கள். தனலெட்சுமியின் குரல் நடுவில் வந்தது. சாதாரணமாக அந்தக் குரலுக்கு நான் காதைப் பலகையில் வைக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, இன்னிக்கு ஆறு ஓடலைன்னா எனக்குக் கல்யாணம் இல்லை. பன்னிக் கதையை நாளைக்குப் பேசுங்க."

பேச்சியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆற்றங்கரையில் ஊரே நின்றது. ஆற்றின் மேல்பக்கம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர்கள் சம்பான் படகில் போய்ப் பாராங் கத்தியால் வெட்டி வெட்டிப் பிரித்துவிட்டார்கள். பாலத்தடி முழுக்க எங்கள் பங்கு. பாலத்துக்குக் கீழே வளைவு, சீனத் தோட்டக்காரர்களின் பங்கு. அவர்கள் மத்தியானத்துக்குமேல் வருவதாக ஏற்பாடு.

ஒரு செடியை இழுத்தால் அது தனியாக வரவில்லை. கொடியோடு கொடி கைகோத்துக்கொண்டு பத்து வந்தன, பத்துக்குப் பின்னால் நூறு வந்தன. அடியில் வேர் முழங்கை நீளத்துக்குக் கறுத்த ஈரக் கூந்தலாகத் தொங்கிற்று. உதறினால் இறால் குஞ்சுகள் மழைபோல் உதிர்ந்தன. ஒன்பதாம் நம்பர் கிருஷ்ணம்மா ஓர் ஆமையைப் பார்த்துவிட்டுக் கரையேறினவள், கடைசிவரை மற்றவர்களுக்கு யோசனை மட்டும் சொன்னாள்.

பதினோரு மணிவாக்கில் பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில் ஓர் அறை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அதில் வானம் தெரிந்தது. இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சொந்த ஊர் ஆற்றுத் தண்ணீரைப் பார்க்கவா இப்படி நின்றோம் என்று பிறகு சிரித்தோம். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆண்கள் சாப்பிடப் போனார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

பேச்சியம்மாள் குவியலைப் பார்த்தபடி நின்றாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் மாட்டுவண்டி வந்துவிடும். அம்மனுக்குச் சாத்திய பூ பன்றித் தொட்டிக்குப் போய்விடும். சாமிக்கு வைத்ததைக் காலில் மிதிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாலத்தடியில் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டும் இருந்தது. அவள் ஒரு சுமையை அள்ளி, குங்குமம் ஒரு சிட்டிகை தூவி, பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுபோய் விட்டாள். அடுத்தவள் பார்த்தாள், அவளும் விட்டாள். முப்பது பெண்கள், ஒரு மணி நேரம். நானும் மூன்று சுமை விட்டேன். மனசு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா.

ஓடுகிற தண்ணீர் எங்கே ஓடும் என்று முப்பது பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அது வளைவுக்கு ஓடிற்று. அங்கே சாய்ந்து கிடந்த மரத்தில் ஏற்கெனவே பாதி அடைப்பு. நாங்கள் விட்டதெல்லாம் போய் மீதிப் பாதியையும் அடைத்தது. முதல் நாள் இரவு மலைப்பக்கம் பெய்த மழைத் தண்ணீரும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது.

பகல் வண்டியில் செல்லம் வந்து இறங்கினாள். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, ஒல்லியான உடம்பு. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு கனகராஜ். காப்பி குடிக்கக் கூப்பிட்டதற்கு அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேரே பாலத்துக்கு நடந்தாள். வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேல்பக்கம் பார்த்தாள். திறந்த தண்ணீர், வெயிலில் பளபளவென்று. வெகு நேரம் பார்த்தாள். குடைப் பிடியில் இறுகியிருந்த விரல்கள் தளர்ந்ததை நான் கவனித்தேன். அப்புறம் கீழ்ப்பக்கம் திரும்பினாள்.

வளைவு முழுக்கப் பச்சைச் சுவர். அதன் மேல் பூக்கள் நிமிர்ந்து நின்றன, இலைகளில் எங்கள் குங்குமத்தோடு. தூணில் வெள்ளம் அளக்க வரைந்திருந்த கோடுகளில் ஒன்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் போயிற்று.

"இதை யாரு விட்டது?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. இருந்தாலும் கரை முழுக்கக் கேட்டது. எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்தோம். பேச்சியம்மாள் முன்னால் வந்தாள்.

"நான்தான் மதினி. இப்ப விட்டதும் நான்தான், மூணு வருஷத்துக்கு முந்தி மொதமொதல்ல விட்டதும் நான்தான். அம்மனுக்குன்னு விட்டேன். எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தக் கழுத்து குனிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்க ஆசைப்பட்டதுண்டு. பார்த்தபோது நன்றாக இல்லை.

செல்லம் ஸ்டேஷன் பக்கம் திரும்பினாள். கனகராஜ் பையோடு நடுவில் நின்றான், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்.

கீழே தண்ணீரில் சளப்பென்று சத்தம். தனலெட்சுமி வளைவில் இறங்கியிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில், கையில் பாராங்கோடு, மூன்று வருஷத்துப் பூவை ஒற்றை ஆளாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருவரையும் கூப்பிடவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கனகராஜ் சரிவில் ஓடினான். தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

வீரமுத்து தண்டவாளம் இழுக்கிற கயிற்றைக் கொண்டு வந்தான், ஐம்பது முழம் இருக்கும். பாலத்துக்குக் கீழே கரையில் நின்று, கயிற்றைத் தோளில் வளையம் வளையமாகச் சுற்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து வீசினான். அது ஆற்றின் மேலே வளைந்து போய்த் தனலெட்சுமியின் கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தது.

செல்லம் நின்றுவிட்டாள். குடையை மடக்கினாள். சரிவில் இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்குக் கயிறு வீசுனது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"அக்கரையிலேருந்து பாத்தேன். எட்டலை. எட்டு வருஷமா அந்தக் கையைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்."

வீரமுத்து கயிற்றைப் பார்த்தபடியே சொன்னான். "நீங்க பாத்தது ரெண்டாவது வீச்சு. மொத வீச்சு எட்டிச்சு. அவரு அதைத் தன் இடுப்புல கட்டிக்கலை. பக்கத்துல ஒரு பிள்ளை மரத்தைப் புடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு, அது இடுப்புல கட்டி விட்டாரு. பிள்ளையை இழுத்துட்டு மறுபடி வீசறதுக்குள்ள..."

தண்ணீரில் தனலெட்சுமி கயிற்றை மரத்தில் சுற்றிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றாள். பதினொரு வயதில் அந்தக் கயிற்றில் வந்த பிள்ளை அவள்தான். லயம் முழுக்கத் தெரியும். செல்லத்துக்கு மட்டும் தெரியாது.

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்துத் தலையை அசைத்தாள். இல்லை, இன்றைக்கு வேண்டாம். மாமனார் உயிருக்கு நன்றிக்கடனாகக் கட்டிக்கொண்டுபோன பெண் என்று மகளுக்குப் பேர் வரக் கூடாது.

செல்லம் எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. குடையைப் புல்லில் வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், வீரமுத்துவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள்.

அப்புறம் யார் யார் பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள், யார் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். கேங் ஆட்கள், கம்பத்துக்காரர்கள், மாட்டுவண்டியோடு வந்த தோட்டக்காரர்கள், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு யூஜின். அய்யாவுகூட. வீரமுத்து தண்டவாளம் தூக்கும்போது கொடுக்கிற குரலைக் கொடுத்தான். நாங்கள் ஐலசா என்றோம், பின்னாலிருந்து மலாய்க்காரர்கள் தாரேக் என்றார்கள், சீனத்தில் ஏதோ சொன்னார்கள். எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.

ஏழாவது இழுப்பில் மரம் அசைந்தது.

அதற்குப் பின் நடந்ததை எழுத எனக்கு வார்த்தை போதாது. ஒரு வயல் எழுந்து நடந்தது. அத்தனை பச்சையும் அத்தனை ஊதாவும் ஒரே பாயாகத் திரும்பி, மெதுவாக, மிக மெதுவாக எங்கள் கரைக்கு வந்தது. அதன் மேல் ஒரு நீர்க்கோழி கூட்டில் உட்கார்ந்தபடியே வந்தது, ஊர்வலத்தில் வருகிற மாதிரி. கரையில் முட்டி அது நின்ற நிமிஷம், பின்னால் ஆறு வாயைத் திறந்தது.

சத்தம். அதுதான் எங்களை அடித்தது. கல்லிலும் தூணிலும் தண்ணீர் மோதி ஓடும் சத்தம். மூன்று வருஷமாக எங்கள் ஆறு ஊமையாக இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் ஊசி விழுந்தால் சொல்லக்கூடிய எனக்கு, அது தெரியாமல் இருந்திருக்கிறது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. பெரியவர்கள் சிலர் அழுதார்கள். செல்லம் கயிற்றை விடாமல், தூணில் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். ஒவ்வொரு கோடாக வெளியே வந்தது.

வண்டிக்காரர் குவியலை ஏற்ற வந்தபோது பேச்சியம்மாள் மறுபடி குறுக்கே நின்றாள். குரலில் பழைய வேகம் இல்லை, ஆனால் நகரவும் இல்லை. யூஜின்தான் வந்தார், ஈரக் கால்சட்டையோடு.

"எங்க மாதா கோயில்லயும் இந்தக் கஷ்டம் இருக்குங்க. மந்திரிச்ச குருத்தோலையை மிதிக்கக் கூடாது, வீசக் கூடாது. ஒரு வருஷம் வீட்ல வெச்சிருந்து எரிச்சிருவோம். அந்தச் சாம்பலைத்தான் தவக்காலத்துக்கு நெத்தியில வெச்சுக்குவோம்."

"நெத்தியிலயா?"

"நெத்தியிலதான்."

பேச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நீங்களும் திருநீறு பூசறவங்கதான்."

எங்கள் பங்குக் குவியலைத் தண்டவாள மேட்டுச் சரளையில் பரப்பிக் காயவைத்து எரிப்பதென்று முடிவாயிற்று. மேலிருந்தும் கீழிருந்தும் வந்ததை வண்டி ஏற்றிக்கொண்டு போயிற்று. அது அம்மனுக்கு விட்டதல்ல என்று பேச்சியம்மாளே தீர்ப்புச் சொன்னாள். எல்லாம் ஒரே ஏழு சட்டியின் பேரப்பிள்ளைகள்தானே என்று யாரும் வாதாடவில்லை.

சாயங்கால வண்டி செல்லம் இல்லாமல் போயிற்று.

தை மாதம் தனலெட்சுமிக்கும் கனகராஜுக்கும் கல்யாணம் நடந்தது. மணமக்கள் நெற்றியில் அந்தச் சாம்பல்தான். அந்த மார்கழியில் தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. யூஜின் பொந்தியானுக்கு மாற்றலாகிப் போய், அங்கே லூசி என்ற டீச்சரைக் கட்டிக்கொண்டார். எங்கள் சிவப்புக் கோழி அக்கரையிலிருந்து வர வழியில்லாமல், கம்பத்திலேயே குடியும் குடித்தனமுமாகத் தங்கிவிட்டது.

செல்லம் லாயாங் லாயாங் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு பதினைந்தாம் நம்பருக்கு வந்தாள். இப்போது எனக்கு இரண்டு பக்கமும் சுவர். ஞாயிறுதோறும் காலையில் அவள் தன் முளைக்குப் பக்கத்தில் போய் நின்று இருபதடியையும் பார்த்துவிட்டு வருவாள். ஒற்றைச் செடி கிடைத்தாலும் சம்பந்தியம்மாள் வீட்டு வாசலில் உலர்த்த வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

போன வாரம் வேலியோரம் வந்து நின்று, அன்றைக்குக் கயிற்றில் வந்த பிள்ளை யாரென்று உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டாள். உள்ளே தனலெட்சுமி விளக்கு துடைக்கும் சத்தம் நின்றுபோயிற்று.

எனக்குத் தெரியும். என் வாயை உங்களுக்கும் தெரியும். கோழிக்குத் தீனி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இல்லாத கோழியைத் தேடிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டேன்.